நீலம் ஏன் நிற்பதில்லை?



நூற்றாண்டுக் காட்சிக்காகப் பழைய சீலைகளையும் கைவேலைத் துணிகளையும் சேர்த்து வருகிறோம். அவற்றுள் நீலத் துணிகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். 2006இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தபோது அலுமாரிகள் வீடுகளோடு நின்றுவிட்டன. எஞ்சிய துணிகள் கொஞ்சந்தான். அவற்றையும் நாமே வெளிறவிடக் கூடாது.

நீலம் கழன்றால் "கள்ளச் சாயம்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மை வேறு. தமிழ்நாட்டில் திண்டிவனத்துப் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் காற்றுப்பட அடித்தால் நீலம் உண்டாகி அடியில் படியும். அது தண்ணீரில் கரையாது. ஆகவே சுண்ணாம்பும் அவித்த தகரை விதையும் சேர்த்து நொதிக்க வைப்பார்கள். அப்போது நீலம் மஞ்சள் கலந்த பச்சையாகிக் கரையும். துணியை அதில் முக்கி வெளியே எடுத்தால், காற்றுப்பட்டு மறுபடியும் நீலமாகும்.

இந்த நீலம் நூலோடு இரசாயனமாகப் பிணைவதில்லை. நூலின் இடுக்குகளில் துகள்களாக அடைபட்டு நிற்கிறது. கல்லில் அடித்துத் தோய்த்தால் உதிரும். மடிப்பும் விளிம்பும் முதலில் வெளிறுவது அதனால்தான். உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தாலும் பிணைப்பு உண்டாகாது.

வெயில் செய்வது இதிலும் மோசம். ஒளியும் காற்றும் சேர்ந்து நீலத்தின் மூலக்கூறையே உடைத்து, இசாட்டின் என்ற மஞ்சள் சாயலுள்ள பொருளாக்குகின்றன. குளோரினும் அப்படித்தான். 1897இல் ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பனி விற்கத் தொடங்கிய செயற்கை அவுரி நீலமும் அதே மூலக்கூறுதான். அதுவும் இப்படியே வெளிறும். மருத்துவர்களான நாங்கள் முறிந்த எலும்பைப் பொருத்திவிடுவோம். உடைந்த நீலத்தைப் பொருத்த எவராலும் இயலாது.

ஆகவே இந்தத் துணிகளை யன்னலோரம் தொங்கவிட வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் வெளிச்சம் உள்ளே போகும். நூதனசாலைகளில் பழைய துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சமே விடுகிறார்கள். நேர் வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸ் வரை போகும். காட்சி முடிந்ததும் துணிகளை இருட்டான பெட்டியில் வைப்போம். மிகப் பழையவற்றைத் தோய்க்கவே வேண்டாம். வீட்டில் உடுக்கும் நீலச் சீலையைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் கசக்காமல் அலசி, நிழலில் காயவிடுங்கள்.

வெளிநாடுகளிலிருந்து துணி அனுப்ப இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அது யாருடையது, எந்தக் காலத்தது என்று ஒரு துண்டில் பென்சிலால் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். பென்சில் எழுத்து வெளிச்சத்தில் வெளிறாது. நீலம் குறைந்தாலும், அந்தச் சீலை உடுத்தவரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.