இருதயம் அனுப்பும் தபால்
(சூளூர்பேட்டையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்படி ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் சொன்னார். நான் அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பிசிக்ஸ். முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஐந்து வருஷமாக என் இடது காரை எலும்புக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

டெலிமெட்ரி என்றால் என்ன என்று இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி-125 கிளம்பிய நாளிலிருந்து அந்த வார்த்தை இங்கே புழக்கத்தில் இருக்கிறது. ராக்கெட் போன பிறகு யாரும் கூடவே ஏறிப் போய்ப் பார்க்க முடியாது. அதுவே தன் நிலவரத்தை ரேடியோவில் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கரும் அப்படித்தான். தைத்து மூடியபின் நினைத்தபோதெல்லாம் திறந்து பார்க்க முடியாது. இரண்டுக்கும் உறவும் உண்டு. வெளியிலிருந்தே சார்ஜ் செய்யக்கூடிய பேஸ்மேக்கரை 1970களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஃபிஷெல். அவர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் செயற்கைக்கோள் வேலை பார்த்த இன்ஜினியர்.

உலகிலேயே முதன்முதலாக முழு பேஸ்மேக்கரையும் உடம்புக்குள் வைத்தது 1958 அக்டோபர் 8, ஸ்வீடனில். நோயாளி ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் அவர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்து 2001-ல் காலமானார். அந்தக் காலத்தில் கருவிக்கு என்ன ஆயிற்று என்று தெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். இப்போது கட்டிலருகே சின்னப் பெட்டி ஒன்றையோ, செல்போனில் ஒரு செயலியையோ கொடுக்கிறார்கள். நாம் தூங்கும்போது அது கருவியோடு பேசி, விவரங்களை கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் அதைத் திறந்து பார்க்கிறார்கள்.

என்ன போகிறது? பேட்டரி எவ்வளவு மிச்சம், இருதயம் தானாக எத்தனை சதவீதம் துடித்தது, கருவி எத்தனை சதவீதம் துடிக்க வைத்தது, படபடப்பு எப்போது வந்தது என்பதெல்லாம் போகும். இருதயத்துக்குப் போகும் ஒயரின் மின்தடையும் போகும். இங்கே நம் பழைய ஓம் விதிதான். தடை திடீரென்று ஏறினால் ஒயர் எங்கோ முறிந்திருக்கலாம்; ரொம்ப இறங்கினால் மேலுறை கிழிந்திருக்கலாம். நமக்கு ஒரு தொந்தரவும் தெரிவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

இதனால் லாபம் உண்டா? அமெரிக்காவில் ஐ.சி.டி. என்னும், ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் கருவி பொருத்திய 1,339 பேரிடம் நடத்திய 'டிரஸ்ட்' ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. கருவியைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்கு நேரில் போவது 45 சதவீதம் குறைந்தது. கோளாறு வந்தால் டாக்டர் கவனிக்க, வழக்கமான முறையில் இடைநிலைக் கணக்கில் 36 நாள் ஆயிற்று. தொலைவிலிருந்து கண்காணித்தவர்களுக்கு இரண்டே நாளுக்குள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அரசாங்க ஆபீசில் தபால் வந்து, இன்வர்டு பதிவேட்டில் நம்பர் விழுந்தால் வேலை முடிந்ததா? பிரித்துப் படித்து, குறிப்பெழுதி, மேலே அனுப்ப ஒரு குமாஸ்தா வேண்டும். அவர் சீட் காலியாக இருந்தால் தபால் கட்டிலேயே தூங்கும். என் கருவி விஷயத்தில், ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) "என் ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்?" என்று கேட்டேன். டாக்டரின் உதவியாளர் "கம்பெனிக்காரர் பார்ப்பார்" என்றார். கம்பெனிக்காரர் "ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள்" என்றார். இரண்டு மாதம் விடாமல் கேட்ட பிறகே ஒரு டெக்னீஷியன் பெண்ணின் பொறுப்பில் என் பெயர் சேர்ந்தது. அந்தக் குழந்தை இப்போது ஒழுங்காகப் பார்த்துச் சொல்கிறாள்.

அவள் வேலை லேசானதல்ல. வருகிற எச்சரிக்கைகளில் எது நிஜம், எது வெறும் மின் இரைச்சல் என்று பிரிக்க வேண்டும். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டியது எது, அடுத்த செக்-அப்புக்கு விடலாம் என்பது எது என்று தீர்மானிக்க வேண்டும். யாருடைய பெட்டி பேசாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் போன் செய்ய வேண்டும். இருதயத் துடிப்புச் சங்கங்கள் நான்கு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, 1,000 நோயாளிகளுக்கு முழுநேர ஊழியர் மூன்று பேராவது வேண்டும் என்கிறது. நம் குழந்தைகளில் கார்டியாக் டெக்னாலஜி படிப்பவர்களுக்கு இது கௌரவமான உத்தியோகம். எல்லோரும் சாஃப்ட்வேருக்கே போக வேண்டுமென்பதில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சித்தூர் மாவட்டத்து அரகொண்டா, அப்போலோ நிறுவனர் டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். 2000 மார்ச்சில் அங்கே தொடங்கிய டெலிமெடிசினை, அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் துவக்கி வைத்தார். மறுவருஷம் இஸ்ரோவும் செயற்கைக்கோள் இணைப்புக் கொடுத்தது. கிராமத்திலிருந்து போன இ.சி.ஜி.யைச் சென்னையில் டாக்டர் உட்கார்ந்து பார்த்ததால்தான் அது வைத்தியம் ஆயிற்று. டிஷ் ஆன்டெனா மட்டும் வைத்தியம் பார்க்காது.

ஆகவே கருவி பொருத்திக்கொள்ளும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். தொலைக் கண்காணிப்பு உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? ரிப்போர்ட்டைப் படிப்பவர் யார், அவர் போன் நம்பர் என்ன? ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்ப்பார்களா? பிள்ளையிடம் அமெரிக்காவுக்கு ஆறு மாதம் போனால் பெட்டி அங்கே வேலை செய்யுமா?

பெரும்பாலான இடங்களில் ரிப்போர்ட் பார்ப்பது ஆபீஸ் நேரத்தில்தான். அது ஆம்புலன்ஸ் அல்ல. மார்வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால், பெட்டி சொல்லியிருக்கும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஐ.சி.டி. ஒரு தடவை ஷாக் கொடுத்து, பிறகு உடம்பு சாதாரணமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யலாம். இரண்டாவது முறை அடித்தாலோ, உடம்பு சரியில்லாமல் இருந்தாலோ உடனே புறப்பட வேண்டும். பெட்டியின் பிளக்கைச் செல்போன் சார்ஜருக்காகப் பிடுங்காதீர்கள்.

தனியாக இருக்கும் தம்பதிகள் நம்மில் அதிகம். பிள்ளைகள் நியூஜெர்சியிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். "அப்பாவுக்கு நல்ல மெஷின் வைத்தாயிற்று" என்று அவர்கள் நிம்மதியாக இருந்தால் சந்தோஷமே. ஆனால் அடுத்த முறை போன் பேசும்போது, "அதைப் படிக்கிறவர் யார்?" என்பதையும் அவர்கள் கேட்கட்டும். பதில் ஒரு மனிதரின் பெயராக வர வேண்டும். கம்பெனியின் பெயர் மட்டும் வந்தால், வருகிறவரை விடாமல் கேளுங்கள்.