தெருவாகிப்போன பாடகர்கள்



தியாகராய நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோக்காரரிடம் "மகாராஜபுரம் சந்தானம் சாலை" என்று சொல்லிப் பாருங்கள். புருவத்தை உயர்த்துவார். "கிரிஃபித் ரோடு" என்று சொன்னால், "ஏறுங்க சார்" என்பார். மயிலாப்பூரிலும் இதே கதைதான். பலகையில் இருப்பது முசிறி சுப்பிரமணியம் சாலை, வாயில் வருவது ஆலிவர் ரோடு. வெள்ளைக்காரர்கள் போய் இத்தனை வருஷமாகியும், ஒரு வித்வான் சொந்த ஊரிலேயே தெருப்பெயராக நிலைபெறுவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது.

இன்று உங்களை மார்கழி சென்னைக்குள் அழைத்துப்போகிறேன். சபா சபாவாக, டைம் டேபிள் கையில் வைத்துக்கொண்டு இல்லை. மேடையில் பாடியவர்கள் சிலர் தெருவாக மாறியிருக்கிறார்கள் அல்லவா, அந்தத் தெருக்கள் வழியாக. நடக்க முடிந்த இடத்தில் நடப்போம், கால் வலித்தால் ஆட்டோ.

விடியற்காலை ஐந்தரை மணி. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நாலு மாட வீதிகள். வாசல்களில் கோலம் நடந்துகொண்டிருக்கிறது. பூக்கடைக்காரர் கோணிப்பையை அவிழ்க்கிறார். காதில் மப்ளர் சுற்றிய தாத்தாக்கள், சால்வை போர்த்திய பாட்டிகள், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பையன்கள், ஜால்ரா, ஒரு மிருதங்கம். பாடிக்கொண்டே வருகிறார்கள். இந்த வீதிகளில் மார்கழி பஜனையை நடத்திக்காட்டியவர் பாபநாசம் சிவன். 1890ல் தஞ்சை மண்ணில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வளர்ந்து, கடைசியில் மயிலாப்பூர்க்காரரானவர். கற்பகாம்பாள் மேலும் கபாலி மேலும் அவர் கட்டிய பாட்டுகளில் பாதி இந்தத் தெருவின் நடைக்கென்றே அமைந்தவைபோல எனக்குப் படும். நின்று பாடினால் ஒரு மாதிரி இருக்கும், நடந்துகொண்டே பாடினால்தான் சரியாக உட்காரும். அவருக்குப் பிறகு அவருடைய மகள் ருக்மிணி ரமணி இந்த பஜனையை எடுத்து நடத்தினார். டிக்கெட் இல்லை, மைக் இல்லை, சீனியர் ஜூனியர் இல்லை. மார்கழி சங்கீத சீசன் என்று நாம் சொல்வதற்கு இதுதான் முதல் மேடை என்பது என் கட்சி. சபாக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதே சிவன்தான் சினிமாவுக்கும் எழுதினார், இசையமைத்தார், நடிக்கவும் செய்தார். 1944ல் வந்து மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் படப் பாட்டுகள் அவருடையவை. காலையில் பஜனை, பகலில் ஸ்டுடியோ. இரண்டுக்கும் நடுவில் சுவர் கட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். மயிலாப்பூர்ப் பக்கம் பாபநாசம் சிவன் சாலை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அவரைத் தேடுவதாக இருந்தால் அங்கே போகாதீர்கள், மாட வீதிக்கு வாருங்கள்.

ஒரு காபி குடித்துவிட்டு லஸ் பக்கம் நடப்போம்.

ஆலிவர் ரோடு, மன்னிக்கவும், முசிறி சுப்பிரமணியம் சாலை. முசிறி சுப்பிரமணிய ஐயர் குடியிருந்த வீதி. 1899ல் பிறந்தவர். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு கச்சேரி மேடையில் ஏறியவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு: கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே உச்ச ஸ்தாயியில் சுருதி வைத்துக்கொண்டு பாடினார்கள். நாடக மேடையில் கிட்டப்பா செய்ததும் அதுதான். முசிறியும் ஆரம்பத்தில் அந்த உச்சத்தில் பறந்தவர்தான். ஆனால் அவர் பெயர் நின்றது எங்கே என்றால், நிதானத்தில். சாகித்தியத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களை உடைக்காமல், ராகத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை நிரவல் என்கிறோம். அதை அவர் விளம்பமாக, அழுதுவிடுவாரோ என்று கேட்பவர் பயப்படும்படி பாடினார். பழைய இசைத்தட்டுகளில் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள், கரகரப்புக்கு நடுவிலிருந்து ஒருவர் மன்றாடுவது மாதிரி இருக்கும். 1938ல் துக்காராம் படத்தில் துக்காராமாகவே நடித்தார். அதற்கு அடுத்த வருஷம் மியூசிக் அகாடமியின் மாநாட்டுத் தலைமை. பிறகு உடம்பு இடம் கொடுக்காமல், பாடும் வயதிலேயே மேடையிலிருந்து விலகிக்கொண்டார்.

பாட முடியாமல்போன பாடகர் என்ன செய்வார்? முசிறி சொல்லிக்கொடுத்தார். அந்தக் கதையின் மிச்சம் அடையாற்றங்கரையில் இருக்கிறது, சாயங்காலம் அங்கே போகிறோம்.

இதே லஸ் பக்கத்தில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொடுத்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர். தலைவலி மருந்துக்காரர் பெயரில் இருக்கும் பூங்காவில் காதுக்கு மருந்தாக ஒன்று நடக்கிறது: மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மைக் இல்லாத கச்சேரி. பாடுவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கிளி கத்தும், வாக்கிங் போகிறவரின் செருப்பு சரசரக்கும், அதற்கு நடுவே தம்புரா. உட்கார்ந்து கேட்டால், மைக் நம் காதை எவ்வளவு சோம்பேறியாக்கி வைத்திருக்கிறது என்பது தெரியும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். அன்று அதைக் கிறுக்கு என்றவர்கள் இந்தப் பூங்காவுக்கு ஒருதரம் வந்து போகலாம்.

மணி பதினொன்றரை. டி.டி.கே. சாலை. மியூசிக் அகாடமி.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதோடு சேர்த்து ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அந்த மாநாட்டில் பிறந்த எண்ணம்தான் அகாடமி. 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கிவைத்தார். சொந்தக் கட்டடம் வர ரொம்ப காலமாயிற்று. 1955ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962ல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்துவைத்தார். இதற்கும் மூத்தது திருவல்லிக்கேணியின் பார்த்தசாரதி சுவாமி சபா, அது 1900லிருந்து இருக்கிறது. ஆனாலும் டிசம்பர் என்றால் வித்வான்கள் கண் வைப்பது இந்த மேடையைத்தான்.

இங்கே ஒரு ரகசியம் சொல்கிறேன். கச்சேரியின் தரத்தை விளம்பரத்தில் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நடுப்பகலில் பாடுகிறவர் இளைஞர். கூட்டம் கம்மி, டிக்கெட் கிடையாது, ஏசிக்காக வந்து தூங்குகிறவர்களும் உண்டு. நாலு மணிக்குப் பாடுகிறவர் பாதிக் கிணறு தாண்டியவர். விளக்கு வைத்த பிறகு பாடுகிறவர்தான் சீனியர். "அவருக்கு நாலு மணி ஸ்லாட் வந்துடுத்து" என்று கேன்டீன் வரிசையில் ஒரு மாமி சொன்னால், அது பதவி உயர்வு அறிவிப்பு. சிலருக்கு நடுப்பகலிலிருந்து மாலைக்கு நகர இருபது வருஷம் ஆகிறது. சிலர் நகர்வதே இல்லை. நான் கேட்டவற்றில் மனதை விட்டுப் போகாத கச்சேரிகள் பல, அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே கேட்ட மத்தியானக் கச்சேரிகள்தான். சாதிக்க வேண்டியது பாக்கி இருக்கும் குரலில் ஒரு பசி இருக்கும்.

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஓர் ஊர். அங்கே கிராண்ட் ஓல் ஓப்ரி என்று ஒரு நாட்டுப்பாட்டு மேடை, 1925ல் வானொலி நிகழ்ச்சியாகவே தொடங்கியது, இன்னும் நடக்கிறது. 1974ல் புது அரங்குக்குக் குடிபோனபோது, பழைய மேடையிலிருந்து வட்டமாக ஒரு மரப்பலகைத் துண்டை வெட்டி எடுத்துப்போய்ப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். முன்னோர்கள் நின்ற பலகையில் நின்றுதான் இன்றைய பாடகர் பாடுகிறார். நம்மிடம் அந்த மாதிரிப் பலகை இல்லை. நம்மிடம் இருப்பது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக்கொடுத்த வரிசை. முதலில் வர்ணம், அப்புறம் விறுவிறுவென்று சில கிருதிகள், நடுவில் ஒரு பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடா, மங்களம். இன்று மேடையேறும் பையனும் பெண்ணும் அவர் பலகையில்தான் உட்காருகிறார்கள். தனி ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து ஓடுகிற கூட்டத்தை மட்டும் அவர் திட்டம் போட்டு வைக்கவில்லை. கீரை வடை ஆறிவிடும் என்கிறார்கள். மிருதங்கக்காரர் மனசு ஆறுவதைப் பற்றிக் கேட்பாரில்லை.

அகாடமி கொடுக்கும் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர்களின் பட்டியலையும் கொஞ்சம் புரட்டுவோம். செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று பெயர்கள் ஒளிவிடுகின்றன. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் வர 1968 ஆகவேண்டியிருந்தது, எம்.எஸ். சுப்புலட்சுமி. இரண்டு வருஷம் கழித்து டி.கே. பட்டம்மாள். பல்லவி பாடுவது ஆண்களின் வேலை என்றிருந்த காலத்தில் பாடிக்காட்டியவர். 1977ல் எம்.எல். வசந்தகுமாரி. நாதஸ்வரக்காரர்களுக்கும் இந்தப் பட்டம் அபூர்வம்தான். சீசனை மங்கள இசையோடு தொடங்கிவைக்க நாதஸ்வரம் வேண்டும், மாலை மேடைக்கு மட்டும் வேண்டாம். ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998ல் கிடைத்தது. 2024ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குக் கொடுத்தபோது எழுந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். வித்வான்களே இரண்டு கட்சியாக நின்றார்கள். சங்கீதத்தில் சண்டை புதிதில்லை. தமிழ்ப் பாட்டு துக்கடாவா, முழுக் கச்சேரியா என்று 1940களில் நடந்த சண்டைதானே தமிழ் இசைச் சங்கத்தைக் கொண்டுவந்தது. இன்று சஞ்சய் சுப்ரமண்யன் 'தமிழும் நானும்' என்று முழுக் கச்சேரியையும் தமிழிலேயே பாடுகிறார், கூட்டம் நிரம்பி வழிகிறது.

சரி, தியாகராய நகருக்கு வந்துவிட்டோம். ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால். சாலைப் பெயரைப் பார்த்து ஜி.என்.பி. என்று நினைத்துவிடாதீர்கள், இது நாராயணசாமி செட்டி. வாணி மகாலைக் கட்டியவர் நடிகர் சித்தூர் வி. நாகையா. தியாகராஜராக வேஷம் போட்டவர், அந்தத் தியாகராஜர் பெயரிலேயே சபாவும் தொடங்கினார். பாண்டி பஜாரில் ஜவுளிப் பைகளோடு இடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் பனகல் பார்க்கில் நாகையாவின் சிலையைக் கவனிப்பதில்லை.

இனி கிரிஃபித் ரோடு. கிருஷ்ண கான சபா இருக்கும் தெருவுக்கே மகாராஜபுரம் சந்தானத்தின் பெயர். பொருத்தமான பெயர். அப்பா மகாராஜபுரம் விஸ்வநாத ஐயரும் சங்கீத கலாநிதி, மகனும் சங்கீத கலாநிதி. சந்தானம் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஈழத்து நேயர்களில் அவரிடம் படித்தவர்களும் இருக்கலாம். எண்பதுகளில் அவர் கேசட் இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. முருகன் பாட்டும் கண்ணன் பாட்டும் சந்தானம் குரலில்தான் பொழுது விடியும். கச்சேரிக்குப் போகாதவர்களுக்கும் கச்சேரிக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1992ல் சாலை விபத்தில் போனார். சாலையில் உயிர்விட்டவர் பெயரை ஒரு சாலைக்கே வைத்திருப்பதை நினைத்தால், அந்தப் பலகையைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு என்னவோ செய்யும்.

இந்த ஒருநாள் பாதையில் நான் பார்த்த பலகைகளில் ஒரு பாடகியின் பெயர் கண்ணில் படவில்லை. ஒரு நாதஸ்வரக்காரர் பெயரும் இல்லை. சொல்லிவைக்கிறேன்.

ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் மந்தைவெளியில் ஒரு நிமிஷம். 2023ல் இங்கே மேற்கு வட்டச் சாலைக்கு சினிமாப் பாடகர் டி.எம். சௌந்தரராஜன் பெயர் வைத்தார்கள். அவர் குடியிருந்த பகுதி. அகாடமிப் பட்டியலில் அவரை யாரும் தேட மாட்டார்கள், ஆனால் இந்தப் பெயரை மட்டும் ஆட்டோக்காரர்கள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து கிரீன்வேஸ் ரோடு, ஆற்றங்கரை. பழைய பிராடி கோட்டை, 'தென்றல்' என்று பெயர் மாறிய கட்டடம், இன்று இசைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. 1949ல் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வராக வந்தவர்தான் நம் முசிறி. இங்கே படித்தவர்கள், படித்தவர்களிடம் படித்தவர்கள் என்று பாதி மேடை இந்த மரங்களுக்கு அடியிலிருந்து கிளம்பியதுதான். ஆற்றைத் தாண்டினால் அடையாறு. 1936ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரம், இப்போது திருவான்மியூரில். அதற்கு முன்னாலேயே, பெசன்ட் நகரில், ஊரூர் ஆல்காட் குப்பம். 2015ல் இந்த மீனவக் குப்பத்தில் ஒரு விழா எடுத்தார்கள். வலைகளுக்குப் பக்கத்தில் கர்நாடகக் கச்சேரியும் பறையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில். வந்த சபா ரசிகர்கள் சிலருக்கு உட்கார நாற்காலி இல்லையே என்ற குறை. குப்பத்துப் பிள்ளைகள் மணலிலேயே உட்கார்ந்து கேட்டார்கள்.

கடற்கரைக்கு இன்னொரு நாள் போவோம். இன்றைக்குக் கல்லூரி வாசலிலேயே நின்றுவிடுகிறேன். ஆறு மணி ஆகப்போகிறது. மாடி அறை ஒன்றில் யாரோ ஒரு பெண் ஒரே வரியைச் சாதகம் செய்கிறாள். நாலாவது தடவை, ஐந்தாவது தடவை. மேல் பஞ்சமத்தில் குரல் பிசிறுகிறது, நிறுத்துகிறாள், தண்ணீர் குடிக்கிறாள் போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. காவலாளி கேட்டை மூட வந்துவிட்டார். ஏழாவது தடவைக்காக நான் இன்னும் நிற்கிறேன்.