பொம்மையின் காலில் எழுதியிருக்கு



இந்தத் தலைப்பை அறிவிச்ச உடனே எங்கட குழுச் சாட்டில மூண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தீங்கள். நியாயம்தான். மாஸ்டர்ஸ் படிக்கிற ஒருத்தி, 26 வயசு, அறையில ஒரு கண்ணாடி அலுமாரி, அதுக்குள்ள நூற்றுச் சொச்சம் அக்சன் ஃபிகர். சினிமாவிலயும் கொமிக்ஸிலயும் வாற ஆக்களின்ர சின்னப் பிளாஸ்டிக் உருவங்கள். "மே தினத்துக்குச் செங்கொடி பிடிச்சிட்டு வந்து டார்த் வேடருக்குத் தூசி தட்டுறாய், வெட்கமா இல்லையா?" எண்டு ஒரு தோழி கேட்டா. வெட்கம் இருக்கு. அதைக் கொஞ்சம் திருப்பிப் பாப்பம் எண்டுதான் வந்தனான்.

முதல்ல அம்மா. இங்க வந்த காலத்தில இருந்து ஒரு பிளாஸ்டிக் கொம்பனியில வேலை செய்யிறா. காருக்கான பாகங்கள். அச்சில இருந்து வாற துண்டுகளின்ர ஓரத்தில பிசிறு இருக்கும். அதைக் கத்தியால சீவி எடுக்கிறதுதான் அவவின்ர வேலை. வலது பெருவிரல் இப்ப முழுசா மடங்காது. 14 வயசில ஃப்ளோமார்க்டில 2 யூரோவுக்கு நான் வாங்கின முதல் ஃபிகர், ஒரு ஸ்பைடர்மான், அதைக் கொண்டுபோய் அவவுக்குக் காட்டினன். அம்மா முகத்தைப் பாக்கேல்லை. திருப்பிப் பிடிச்சு, விலாப் பக்கத்துப் பொருத்துக் கோட்டில நகத்தை ஓட்டிப் பாத்தா. "இதைச் சீவின பிள்ளை களைச்சுப்போய் இருந்திருக்கு" எண்டா. பிறகு சமைக்கப் போயிட்டா.

அந்த வசனத்தோடதான் நான் இண்டைக்கு வரைக்கும் பொம்மை பாக்கிறன்.

இந்தப் பழக்கம் முழுக்க அமெரிக்கச் சாமான் எண்டு நினைச்சிருந்தனான். அப்பிடி இல்லை. 1952 ஜூன் 24 அன்று 'பில்ட்' பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. 68இல் மாணவர்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்களே, அதே ஸ்பிரிங்கரின் பத்திரிகைதான். அதில் ரைன்ஹார்ட் பொய்தீன் என்ற ஓவியர் லில்லி என்றொரு பெண்ணை வரைந்தார். ஒபிஸ் வேலை செய்யும், வாய்க்கு வாய் பதில் சொல்லும் பொன்னிற முடிக்காரி. 1955இல் கோபூர்க்குக்குப் பக்கத்து நொய்ஸ்ராட்டில் ஹவுசர் கொம்பனி அவளைப் பொம்மையாக்கியது. முதலில் அது குழந்தைகளுக்கான சாமான் இல்லை. பெரிய ஆம்பிளையள் பகிடிப் பரிசாக வாங்கிக் கொடுத்தார்கள். சுவிஸில் விடுமுறைக்குப் போன ரூத் ஹாண்ட்லர் அதைக் கண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1959இல் பார்பி வந்தது. 1964இல் மற்றெல் கொம்பனி லில்லியின் உரிமையையே வாங்கிக் கதையை முடித்தது.

ஓவியரின் பெயர் தெரியும், வடிவமைச்ச மாக்ஸ் வைஸ்புரோட்டின் பெயர் தெரியும், முதலாளிகளின் பெயர் தெரியும். லில்லியின் சரிஞ்ச கண்ணிமையை ஒவ்வொண்டா வரைஞ்ச ஆக்களின் பெயர் நான் பாத்த ஒரு கட்டலாக்கிலும் இல்லை. அந்த வட்டாரத்துக்கு இது புதுசும் இல்லை. பக்கத்து ஊர் சொன்னபேர்க் 1900 அளவில் உலகத்துக்கே பொம்மை அனுப்பியது. அதில் பெரும்பங்கு வேலை, வீட்டுக் குசினிகளில், பிள்ளைகளும் சேர்ந்து இரவிரவாகச் செய்தது.

அதே ஹவுசர் கொம்பனி 30களில் 'எலாஸ்டொலின்' என்ற பெயரில், மரத்தூளும் பசையும் கலந்து, கை தூக்கும் ஹிட்லர் உருவங்களும் செய்தது. இப்பவும் சேகரிப்பாளர் சந்தைகளில் அதுகள் மேசைக்கு வரும். நாசிச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுறது குற்றம் எண்டபடியால் கைப்பட்டியில ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பினம். ஒருக்கா நான் அந்த மேசைக்கு முன்னால நிக்க, விக்கிறவர் நல்ல சிநேகமாச் சிரிச்சு, "இது வெறும் வரலாறு" எண்டார். எங்கட ஆக்களுக்கு முன்னால அந்தச் சொல்லை எவ்வளவு லேசாச் சொல்ல முடியுது பாருங்கோ. நான் ஒண்டும் பேசேல்லை. பக்கத்து மேசையில என்ர ஸ்டார் வார்ஸ் பெட்டி இருந்தது, அதுக்குப் போயிட்டன். அதுக்குத்தான் வெட்கப்படுறன், டார்த் வேடருக்கு இல்லை.

ஸ்டார் வார்ஸ் படம் 1977இல் வந்தபோது கென்னர் கொம்பனியிடம் பொம்மை தயாராக இல்லை. நத்தாருக்கு ஒரு வெறும் பெட்டியும், பிறகு தருவோம் என்ற துண்டும் விற்றார்கள்! உருவங்கள் 1978இல்தான் வந்தன. அதுகளின்ர காலுக்குப் பின்னால சின்ன எழுத்தில ஆண்டும் நாடும் இருக்கும். ஹொங்கொங், தாய்வான், பிறகு மக்காவு, சீனா, மெக்சிகோ. சேகரிக்கிற ஆக்கள் அதைப் பூதக்கண்ணாடி வைச்சு வாசிப்பினம். எந்தக் கால் எழுத்து அரிது, எதுக்கு விலை கூட எண்டு மணிக்கணக்காக் கதைப்பம். நானும்தான். ஆனால் ஏன் அந்த நாட்டில இருந்து இந்த நாட்டுக்கு மாறினது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. கூலி எங்க குறைஞ்சதோ அங்க அச்சும் போனது. அந்தப் பாதை முழுக்க எங்கட அலுமாரியில நிக்குது.

அந்தப் பாதையில் தாய்லாந்தும் இருக்கு. பாங்கொக்குக்குப் பக்கத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை. பார்ட் சிம்ப்சன் பொம்மைகளும் அங்கே செய்யப்பட்டன. 1993 மே 10 பின்னேரம் தீப் பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. தீக்காப்பு இல்லாத இரும்புத் தூண்கள் வளைந்து கட்டடம் கெதியிலேயே இடிந்தது. மேல்மாடியில் இருந்து குதித்தார்கள். 188 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். அதே ஆண்டு நவம்பரில் ஷென்சென்னில் ஷீலி பொம்மைத் தொழிற்சாலை எரிந்து 87 பேர். அங்கேயும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன.

எங்கட உலகத்தில 'பெயின்ற் பிழை' எண்டு ஒரு சாதி இருக்கு. கண் கொஞ்சம் விலகியிருக்கும், உதட்டுச் சிவப்பு கன்னத்தில பட்டிருக்கும். சில பிழைக்கு விலை குறையும், சில பிழை அபூர்வம் எண்டு பல மடங்கு ஏறும். அந்த ஏற்றத்தில ஒரு சதம் அந்தக் கைக்குப் போகாது. அநேகமா அண்டைக்குத் திட்டுத்தான் வாங்கியிருக்கும்.

"நான் பழசுதான் வாங்குறன்" எண்டு இனித் தப்ப ஏலாது. இங்க 2023இல இருந்து விநியோகச் சங்கிலிச் சட்டம் இருக்கு. 2024க்குப் பிறகும் அது 1,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யிற நிறுவனங்களுக்குத்தான். பொம்மைக் கொம்பனிகள் பல அதைவிடச் சின்னன். இருக்கிறதையும் கழட்டத்தான் இப்ப அரசாங்கம் நிக்குது. நூர்ன்பேர்க்கில, உலகப் பொம்மை வியாபாரம் ஒவ்வொரு வருஷமும் கூடுற ஊரில, 2020இல ஃபெயார் டொய்ஸ் அமைப்பைத் தொடங்கியிருக்கினம். சேருறதும் விடுறதும் கொம்பனியின்ர விருப்பம். அதில எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் அவையள் கேக்கிற கேள்விப் பட்டியல் எங்களுக்கு உதவும்.

கேக்கிறது இதுதான். வாற மே 10 ஞாயிற்றுக்கிழமை. சேகரிப்பாளர் சந்தையில ஒரு மேசை எடுப்பம். விக்க இல்லை. என்ர அலுமாரியில இருக்கிறதைக் குப்புறக் கிடத்தி, காலில இருக்கிற எழுத்துத் தெரியிற மாதிரி வைப்பம். பக்கத்தில கேடர் பற்றி ஒரு துண்டு, டொய்ச்சிலயும் தமிழிலயும். ஸ்டிக்கர் ஒட்டின மேசைக்காரர் வந்தால் இந்தமுறை கதைப்பன்.

மூண்டு பேராவது வேணும். அண்டைக்கு அன்னையர் தினம் எண்டும் தெரியும். அம்மாட்டயும் கேட்டனான். ஷிஃப்ட் மாத்த முடிஞ்சால் வாறாவாம், சாப்பாடு தான் கட்டிக்கொண்டு வாறாவாம்.