கதை எங்கே அறுந்தது?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பைக் சரிந்து தலையில் அடிபட்ட ஒருவர் தேறி வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். நாக்குக் குழறாது, பேர் ஊர் சரியாகச் சொல்வார். 'நேற்று என்ன நடந்தது?' என்றால்தான் தடுமாற்றம். சந்தைக்குக் கிளம்பிய கதை பாதியில் மாட்டுக்குத் தாவிவிடும்.

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிக்கு நிகழ்ச்சிகளைக் கோப்பதில் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் தலையில் அடிபட்டவர்களைக் கதை சொல்லச் சொல்லிப் பார்க்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் கொயெலோ, நார்மன் ராக்வெல்லின் 1958-ஆம் ஆண்டு ஓவியத்தை அவர்களுக்குக் காட்டினார்: உணவகத்தில் மூட்டையோடு ஒரு பையன், பக்கத்தில் போலீஸ்காரர். எதனால் தொடங்கியது, என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது, இந்த மூன்றும் கதையில் வருகிறதா என்பதே கணக்கு.

நம்மூர்க்காரருக்கு அந்தப் படம் எதற்கு? தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை புகுந்த கதையைக் கேட்டாலே போதுமே!