மழலையர் வகுப்புக்கு ஆசிரியை தேடியபோது

(பங்கின் வெள்ளி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோவில் கட்டிய வரலாற்றையும் கொடிமரம் வந்த வரலாற்றையும் நமக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நாம் ஒரு சிறு காரியத்தைப் பற்றிப் பேசுகிறோம். சென்ற ஆண்டு நம் மழலையர் வகுப்புக்கு ஓர் ஆசிரியையைத் தேர்ந்தெடுத்த கதை அது. இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். இந்தப் பங்கில் அதைப்போல வாக்குவாதம் மூண்ட காரியம் வேறொன்றில்லை என்பதைப் பேரவையினர் அறிவார்கள்.

முதலில் நம் தவறைச் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தைப் பார்த்து ஓர் ஆசிரியையை நியமித்தோம். சரளமாக ஆங்கிலம் பேசினார். பதினைந்து நிமிடத்தில் நேர்காணல் முடிந்தது. அந்தக் கல்வியாண்டு முடியும் முன்பே, நான்கு வயதுப் பிள்ளை ஒன்று கோவில் வாசலைக் கண்டாலே அழத் தொடங்கியது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். அதற்குக் கேட்கத் தெரியவில்லை. பாயை நனைத்தது, ஸ்கேலால் கையில் அடி வாங்கியது. தாய் சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்கிறவள். முதல் ஷிப்டுக்காக விடியுமுன்பே புறப்பட்டுவிடுவாள். பல வாரங்கள் சென்ற பிறகே அவளுக்கு விவரம் தெரிந்தது. நமக்கோ அவளுக்கும் பிறகே தெரிந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தாய் காப்பி கொடுத்தாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றது, நாம் எழுந்து போகும்வரை வெளியே வரவில்லை.

அந்தக் கடிதம் இன்னும் நம் மேசை அறையில் இருக்கிறது.

இம்முறை அப்படி ஆகக்கூடாது என்று எண்ணியபோது, மரியா மாந்தசோரி அம்மையாரைப் பற்றி முன்பு வாசித்தது நினைவுக்கு வந்தது. அவர் நமக்கு அயலாரல்லர். 1939-இல், தம் அறுபத்தொன்பதாம் வயதில், சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன.

அவருடைய முதல் பள்ளி பிறந்த இடம் நம் கும்மிடிப்பூண்டியைப் போன்றதே. உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின், பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படியில் உருண்டும் சுவரில் கிறுக்கியும் திரிந்தார்கள். கட்டிடத்துக்குரிய நிறுவனத்தார், சுவரைப் பழுது பார்க்கும் செலவில் ஓர் அறை ஒதுக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். (கணக்குப் பார்த்தே செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியந்தான், நம் ஆலை முதலாளிமாரும் இப்படிக் கணக்குப் பார்க்கலாம்.) 1907 சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று அந்த இல்லம் திறந்தது. அதன் பொறுப்பு கன்தீதா நுச்சித்தெல்லி என்ற பெண்ணிடம் கொடுக்கப்பட்டது. ஆசிரியை அதே கட்டிடத்தில் குடியிருக்க வேண்டும், தாய்மார் வாரம் ஒரு முறையேனும் அவரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று விதி வைத்தார்கள். நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதும், அங்கன்வாடிப் பணியாளர் அந்தந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்றே எண்ணினார்கள்.

அந்த உரோமைப் பள்ளியில் நடந்த ஒன்றை அம்மையார் எழுதியிருக்கிறார். விளையாட்டுக் கருவிகளை ஆசிரியை அலமாரியில் பூட்டி வைத்து, தாமே எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் சற்றுத் தாமதமாக வந்து பார்த்தால், பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திருடுகிறார்கள், தண்டிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. அம்மையார் உற்றுப் பார்த்தார். எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிறகு பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சிறு அலமாரிகள் செய்வித்தார். அந்த ஆசிரியை கெட்டவர் அல்லர். அவருக்குத் திருட்டாகத் தெரிந்தது, அம்மையாருக்கு வேறாகத் தெரிந்தது. பார்க்கிற கண்ணை நேர்காணலில் எப்படிச் சோதிப்பது? சான்றிதழில் அது இராது.

எனவே மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் நீதிமன்றம்போல் உட்காருவதை விட்டுவிட்டோம். விண்ணப்பித்தவர்களில் மூவரை அழைத்து, ஒவ்வொருவரையும் அரைமணி நேரம் பிள்ளைகளோடு இருக்கச் சொன்னோம். நாம் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டோம்.

அன்று பையன் ஒருவன் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு வரமாட்டேன் என்றான். தகப்பனார் ஒடிசாவிலிருந்து வந்து இரும்பாலையில் வேலை செய்கிறவர். முதலில் வந்த ஆசிரியை மூன்று முறை கூப்பிட்டார். பின்பு பாட்டை நடத்தத் தொடங்கினார், பாட்டு நன்றாகவே இருந்தது. இரண்டாமவர் மிட்டாய் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் நம் பங்கின் லைன் வீட்டுப் பெண். பிளஸ் டூ முடித்து ஓராண்டு மழலையர் பயிற்சி பெற்றவர். வேலை கிடைக்காமல் ஓர் ஆலையில் பேக்கிங் பிரிவில் இருந்தார். பெஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையனைக் கூப்பிடாமலே, புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பத்து நிமிடம் இருக்கும். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து, கடைசிக் கொட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தது.

பிறகு பேசினோம். ஆங்கிலம் வருமா என்றோம். "கொஞ்சம் வரும் ஃபாதர். பிள்ளைங்களுக்கு வேண்டியது வரும். வராததைப் படிச்சுக்கறேன்" என்றார். தெலுங்கு வரும், தாயார் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். நம்மிடம் கேட்க ஏதாவது உண்டா என்று மூவரையும் கேட்டோம். இவர் மட்டும் கேட்டார்: "இத்தனை பிள்ளைக்கு ஒரே கழிப்பறைதானே இருக்கு ஃபாதர், அதுல தண்ணி வருதா?"

தண்ணீர் வரவில்லை. குழாய் பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டார். பேரவை உறுப்பினர் ஒருவர், கோவில் வேலைக்கு வருகிறவர் முதல் நாளே சம்பளம் கேட்பதா என்று முகம் சுளித்தார். கேட்டதில் பிழையில்லை. சேவை என்ற சொல்லைச் சொல்லிக் குறைந்த கூலி கொடுப்பது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். அதை நாமும் செய்திருக்கிறோம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்தோம்; சான்றிதழ்களைச் சரிபார்த்தோம். அதன்பின் பேரவை கூடியது. ஆங்கிலம் போதாது என்றார்கள் சிலர். அவர்களைக் குறை கூறவில்லை. ஷிப்டு ஷிப்டாக உழைக்கும் தகப்பன், தன் மகன் மேற்பார்வையாளர் முன் வாயடைத்து நிற்கக்கூடாது என்று ஆசைப்படுகிறான்; அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை முதலில் தன் பசியையும் வயிற்று வலியையும் சொல்லத் துணிய வேண்டும். அது வீட்டு மொழியில்தான் வரும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும் இளம் வகுப்புகளில் இயன்றவரை வீட்டு மொழி வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கொள்கையோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறோம் என்பதில்லை, இந்த ஒன்றில் ஒத்துப்போகிறோம்.

இன்னொருவர், அந்தப் பெண் எந்தத் தெரு என்று கேட்டார். நாம் பதில் சொல்லாமல் அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். இன்று, இத்தனை பேர் நடுவில் சொல்லுகிறோம்: அக்கேள்வி இந்தப் பங்கில் இனி எந்த நேர்காணலிலும் கேட்கப்படாது.

பெரும்பான்மையோர் சம்மதத்தோடு லைன் வீட்டுப் பெண்ணையே நியமித்தோம். இரண்டு குடும்பத்தார் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு குடும்பம் திரும்பி வந்தது, மற்றது வரவில்லை. இரண்டாவது கழிப்பறையைத் தாய்மார் சங்கம் கட்டிக்கொடுத்தது. பெஞ்சுக்கு அடியில் இருந்த பையன் இப்போது தமிழில் சண்டை போடுகிறான். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை நம் பள்ளிக்குத் திரும்பவில்லை. அக்குடும்பம் தடா பக்கம் குடிபோய்விட்டது.

ஆசிரியைக்கு நாம் கொடுக்கும் சம்பளம், அவர் பேக்கிங் வேலையில் வாங்கியதைவிட இன்றும் குறைவு. அதை உயர்த்தும் தீர்மானம் வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பேரவைக்கு வருகிறது. இங்கே கைதட்டியவர்கள் அங்கேயும் வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம்.