30 கிலோமீற்றர் கடல்
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். 1990இல் அதை நாங்கள் ஒரு சின்ன மோட்டார் வள்ளத்தில் கடந்தோம். பாரம் கூடி, வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ரோந்துக்குப் பயந்து விளக்கும் கொளுத்தவில்லை.

அந்தக் கடலில் மணல் தீடைகள் வரிசையாய்க் கிடக்கின்றன. பிடிபடப் பயந்து ஓட்டிகள் பலரைத் தீடையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்களையும் அப்படித்தான் விட்டார்கள். குடிக்கத் தண்ணி இல்லை. விடிய வந்த இராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் எங்கட பெயரைக்கூடக் கேட்கவில்லை. தண்ணிப் போத்தலை நீட்டினார். மண்டபம் முகாமும் பதிவும் அதற்குப் பிறகுதான். 2022இல் விலைவாசி தாங்காமல் புறப்பட்ட குடும்பங்களும் அதே தீடைகளில்தான் நின்றன.

இங்கே டோவர் நீரிணையின் மிக ஒடுங்கிய இடம் 33 கிலோமீற்றர். அதையும் சின்ன வள்ளங்களில் கடந்து ஆட்கள் வருகினம். "இவையள் ஏன் வருகினம்?" என்று எங்கட ஆட்களே கேட்பது என் காதில் விழுகிறது. கடல் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், பயமும் ஒன்றுதான்.

சங்கத்தின் கதவைத் தட்டுகிறவர்களிடம், அவர்கள் எந்த நாட்டவராயினும், முதலில் "தேத்தண்ணி குடிச்சியளோ?" என்று கேட்போம். எப்படி வந்தீர்கள் என்பதைப் பிறகு கேட்கலாம்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.