பெட்டைக் குட்டிக்கும் ஒரு வீடு

ஆலங்குளம் என்றதும் அரசு சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் சிப்பிப்பாறை. இரண்டும் ஊர்ப்பெயர், இரண்டும் நாய்ச்சாதியின் பெயர். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது.

இப்படிப்பட்ட சீமையில், "நாலு குட்டி கிடக்கு, யாராச்சும் கொண்டு போங்கப்பா" என்று டீக்கடையில் சேதி சொன்னால் ஆள் கிடைப்பதில்லை. கடுவன் குட்டியாவது போய்விடும். பெட்டைதான் தெருவில் நிற்கும். குட்டி போட்டுவிடுமே என்ற பயம். அதற்குத்தான் கருத்தடை அறுவை சிகிச்சை இருக்கிறது. சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிய வேலை அது. மத்திய அரசின் 2023 விதிகளும் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன.

2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய் வழக்கில், விரும்புவோர் தத்தெடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது. நியாயம்தானே?

குட்டியை எடுத்து வந்தபின் சில விஷயங்களைக் கவனியுங்கள். பட்டாசு வெடிக்கும் நாளில் அதை வீட்டுக்குள் வையுங்கள். மிரண்டு ஓடினால் வழி தப்பிவிடும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். நாய் கடித்துவிட்டால், சின்னக் கீறல்தானே என்று இருக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

அடுத்த முறை குட்டி தேடுகிறீர்களா? பெட்டையாகவே கேளுங்கள்.